பிடித்தம் போக

லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் என்று ஊரில் உள்ள அத்தனை அழுக்கும் வந்து சேருகிற இடம் அந்த லாண்டரி. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு கோடியில் துவைக்கிற மெஷின்கள், நடுவில் பிழிகிற டிரம்கள், அதையடுத்துச் சூடான உருளைகள், மறு கோடியில் மடிப்பு மேசை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் உடம்பு அவிந்துவிடும். மழைக் காலத்தில் தகரத்தின்மேல் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அந்த மேசையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தவளை முதலாளி முதல் லோடு வண்டிக்காரர் வரை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

துவைத்த பிறகும் எது போகவில்லையோ அதுதான் அவள் மேசைக்கு வரும். விரிப்பைப் பிரித்து ஒரு உதறு உதறினால் போதும், அது எந்த இடத்து விரிப்பு, அங்கே மனுஷர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். நல்ல ஆஸ்பத்திரி விரிப்பு சீக்கிரம் நைந்துபோகும், தினம் மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். ஊருக்கு வெளியே இருந்த இலவச இல்லத்து விரிப்பு அப்படி நையாது. மாதத்துக்கு இரண்டு தடவைதான் வரும். நடுவில் எந்தச் சோடாவுக்கும் மசியாத மஞ்சள். ஓரங்களில் நாடா நாடாவாகக் கிழித்து எடுத்திருப்பார்கள். அந்த நாடாக்களில் சில முடிச்சோடு மூட்டைக்குள்ளேயே திரும்பி வரும். மணிக்கட்டு நுழைகிற அளவு முடிச்சு. மடிப்பக்கா அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிடுவாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் லாண்டரி கேட்டில் வந்து நின்றாள். மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. அந்த நேரத்தில் வரமாட்டாள்.

"என்னடி இந்நேரத்துல? புள்ளைங்களுக்கு எதாவதா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லம்மா. சாப்ட்டியா?"

"ஆச்சு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சொல்லு."

மகள் கொட்டகை ஓரத்தில் கிடந்த காலி சோப்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா இருக்கற ஹோம்ல கூப்பிட்டு அனுப்பினாங்க."

அம்மாவுக்கு முன்னால் அவள் அப்பா என்று சொல்வதில்லை. 'அவரு' என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு அப்பா என்றாள்.

"ம்."

"இனிமே அவரால எழுந்திரிக்க முடியாதாம். படுக்கைக் கேஸுன்னு மாத்திட்டாங்க. அதுக்கு வேற ரேட்டாம். ஆறு மாச அட்வான்ஸ் வேற. பென்ஷன்ல பிடித்தம் போக வர்றது இப்பவே பத்தல, நாங்கதான் மேல போட்டுக்கிட்டிருக்கோம். இந்த மாசம் எங்க வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாரு. வண்டி லோனே மூணு தவணை நிக்குது."

"சரி."

"உனக்குப் போற அந்தப் பிடித்தம் மட்டும் இல்லேன்னா சமாளிச்சிடலாம்மா."

உள்ளே டிரம் சுற்றி நிற்கிற சத்தம் கேட்டது.

"நீ ஒரு கையெழுத்து போட்டுக் கொடுத்தா போதும். எனக்கு வேண்டாம்னு. கோர்ட்ல கொடுத்தா நிறுத்திடுவாங்களாம்."

"போடலேன்னா?"

"அந்த இலவச இல்லத்துல கொண்டுபோய்ச் சேத்துட வேண்டியதுதான். வேற என்ன பண்ண? அங்க எடம் இருக்காம், விசாரிச்சிட்டேன். பரவாயில்லாமதான் பாத்துக்குவாங்கன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"ஹோம்லயேதான்."

சங்கு ஊதியது. மடிப்பக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். அன்று மாலை வரைக்கும் அவள் மடித்ததில் ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. உருளையில் துணி விடுகிறவர், "என்னக்கா, இன்னிக்கு மடிப்புக்கே லீவா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பிடித்தம் சும்மா வந்ததல்ல. அவர் மின்சாரத் துறையில் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் குரங்கு தோற்றுவிடும் என்று பேர் வாங்கியவர். ஒரு கம்பத்து வேலைக்காகப் போன வீட்டில் இன்னொருத்தி பழக்கமானாள். மகளுக்குப் பதினாலு வயது ஆகும்போது, அம்மாவையும் மகளையும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியே நிறுத்தினார். விவாகரத்து கேட்டவரும் அவர்தான். பெண்டாட்டி வீட்டைக் கவனிப்பதில்லை, சோறு போடுவதில்லை, வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள் என்று எழுதிக் கொடுத்தார். எழுந்து நின்று பேசுவதற்கே நடுங்குகிறவள் வாய்க்கு வந்தபடி எப்படி ஏசியிருப்பாள் என்று கேட்பதற்கு அன்றைக்கு அவள் பக்கம் ஒருவரும் இல்லை.

பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாள். வாய்தா இருக்கிற நாளில் லாண்டரியில் சம்பளம் கிடையாது. ஒருநாள் ஜட்ஜ் முன்னாலேயே அவர் சொன்னார்: "அவளுக்குக் கை காலு நல்லாத்தானே இருக்கு? உழைச்சுத் திங்கட்டும்." அவள் உழைத்துத்தான் தின்றுகொண்டிருந்தாள். அதை எழுந்து சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. கடைசியில் விவாகரத்தும் ஆயிற்று, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜீவனாம்சம் என்றும் ஆயிற்று. இரண்டு வருஷம் டிமிக்கி கொடுத்துப் பார்த்தார். அவளுக்கு வாதாடின வக்கீலம்மா விடவில்லை. ஆபீஸிலேயே பிடித்து அனுப்பும்படி உத்தரவு வாங்கினாள். அவர் ரிட்டயர் ஆனதும் அதுவே பென்ஷனில் தொடர்ந்தது.

இப்போது அந்த வக்கீலம்மாவுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மடிப்பக்கா போனபோது ஒரு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா. என்ன, மறுபடியும் கேஸ் போட்டுட்டானா?"

"அவரால இப்ப பேனாவே புடிக்க முடியாதும்மா. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அந்தப் பொம்பளை ரெண்டு மாசம் பாத்துட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாளாம். போறப்ப ஃப்ரிட்ஜைக்கூட விட்டு வெக்கல."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீலம்மா சொன்னாள்: "எழுதிக் கொடுத்தியோ, போச்சு. அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பி வராது."

"அவரு பேருல எம் பொண்ணே மனு போட்டா?"

"போடட்டும். நிலைமை மாறிப்போச்சுன்னு கேப்பாங்க. ஜட்ஜு குறைச்சாலும் குறைப்பாரு, முடியாதுன்னாலும் சொல்லுவாரு. அதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடும்."

"அதுவரைக்கும் அவரு எங்க இருப்பாரு?"

"அது கோர்ட்டோட கவலை இல்ல." வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னொன்னும் தெரிஞ்சுக்கோ. அவன் கண்ணை மூடினா இதுவும் நின்னுபோயிடும். குடும்பப் பென்ஷன் பொண்டாட்டிக்குத்தான். நீ பொண்டாட்டி இல்லேன்னு தீர்ப்பே ஆயிடுச்சு."

"அப்ப அவரு நூறு வருஷம் இருக்கணும்னு நான்தான் வேண்டிக்கணுமா?"

"கணக்கு அப்படித்தாம்மா வருது" என்றாள் வக்கீலம்மா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஹோமுக்குப் போனாள். போகவேண்டும் என்று முடிவு செய்து போகவில்லை. காய்கறி வாங்கக் கிளம்பினவள், பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

ஒரு பழைய மாடி வீட்டைத்தான் ஹோம் ஆக்கியிருந்தார்கள். வாசல் படியை மூடிச் சிமெண்டுச் சரிவு போட்டிருந்தது. உள்ளே பினாயில் வாடையும் அதற்கு அடியில் இன்னொரு வாடையும். கூடத்தில் எட்டுக் கட்டில்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஆயா ஒருத்தி ஜன்னலோரக் கட்டிலைக் கை காட்டினாள்.

மடிப்பக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. மீசையை மழித்திருந்தார்கள். கம்பத்தில் ஏறி ஏறி உருண்டிருந்த தோள் வற்றி, பனியன் கழுத்து மார்பு வரைக்கும் தொங்கியது. வலது கை தலையணைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. கண் மட்டும் பழைய கண்.

"எதுக்கு… வந்தே?" வார்த்தை குழறியது. ஆனாலும் புரிந்தது.

"சும்மா. பாக்க."

"செத்துட்டேனான்னு… பாக்க வந்தியா?"

"நீ செத்தா எனக்குத்தான் நஷ்டம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நீ என்று சொல்லிவிட்டாள். குடித்தனம் நடத்தின பதினாறு வருஷமும் நீங்கதான். கோர்ட்டில், எதிர்க்கூண்டில் நிற்கும்போதுகூட நீங்கதான். அவருக்கும் அது கேட்டிருக்கவேண்டும். முகத்தின் நல்ல பக்கம் மட்டும் கோணிக்கொண்டு போயிற்று. சிரிப்பா வேறொன்றா என்று தெரியவில்லை.

போர்வைக்குள் இருந்து வாடை வந்தது. அவர் இடது கையால் கட்டில் ஓரத்து மணியை அழுத்தினார். ஒருவரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். ஆயா கடைசிக் கட்டிலில் யாருக்கோ கஞ்சி புகட்டிக்கொண்டே, "வர்றேன் தாத்தா, எனக்கு ரெண்டு கைதான்" என்று கத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மடிப்பக்கா அலமாரியில் இருந்த விரிப்பை எடுத்தாள். ஒரு பக்கமாக அவரைச் சாய்த்தாள், ஈரத்தை முதுகு வரைக்கும் சுருட்டினாள், துடைத்தாள், காய்ந்ததை விரித்து அவரை இந்தப் பக்கம் புரட்டி, மிச்சத்தை இழுத்து மெத்தைக்கு அடியில் செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை. முதுகில் இன்னும் புண் வரவில்லை, சிவந்துதான் இருக்கிறது என்பதையும் பார்த்தாள். அந்த உடம்பைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொட்டபோது ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கை தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

அவர் கண்ணைத் திறந்தார். "அவ… வருவாளா?"

"யாரு?"

அவர் ஒரு பெயரைச் சொன்னார். குழறாமல் வந்தது அந்தப் பெயர்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லி… அனுப்பு. நான் கூப்பிட்டேன்னு."

ஈர விரிப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். அதை அவர் முகத்தில் வீசிவிட்டுப் போகவேண்டும்போல் இருந்தது. பின்பக்கம் போய் அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை மகள் டைப் அடித்த தாளோடு அவள் அறைக்கு வந்தாள். ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், வெந்நீர் ஒத்தடப் பை, முழங்காலுக்குப் போடுகிற இரண்டு பட்டைகள். மழை பெய்துகொண்டிருந்தது. மகள் குடையைக் கதவுக்கு வெளியே சாத்தினாள்.

"இங்க ஒன்னு, அடுத்த பக்கத்துல ஒன்னும்மா."

மடிப்பக்கா தாளைப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் முழுசாகப் படிப்பாள். 'எனது சுய விருப்பத்தின் பேரில்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது யாரு எழுதினது?"

"இவரோட சிநேகிதர் ஒருத்தர்."

"போட மாட்டேன்."

மகள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்போல. உடனே வெடித்தாள். "எனக்குத் தெரியும்மா. நீ போட மாட்டேன்னு அன்னிக்கே தெரியும். ஒரு மனுஷன் பீமூத்திரத்துல கெடக்கறான், இன்னும் உனக்குப் பழி தீரல."

"பழி வாங்கணும்னா நான் எதுக்குடி பேசிக்கிட்டு இருக்கப்போறேன்? கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா போதும். நீயே அவனை அந்த இலவச இல்லத்துல போட்டுடுவ."

"நான் வேற என்ன செய்யணும்ங்கற? நான் ரெண்டு பேருக்கும்தான் பொண்ணு. ஒங்க சண்டையில நடுவுல நசுங்கறது நான்தான். வீட்ல இவரு என்ன கேக்கறாரு தெரியுமா? ஒங்கம்மாவுக்குச் சம்பளமும் வருது, ஒங்கப்பன் காசும் வருது, நம்ம வாயில மண்ணாங்கறாரு."

"அங்க அனுப்பாத."

"ஏன்?"

மடிப்பக்கா சொன்னாள். விரிப்பு ஓரத்து நாடாவைப் பற்றி, முடிச்சைப் பற்றி, அந்த முடிச்சுக்குள் தன் மணிக்கட்டை விட்டுப் பார்த்ததைப் பற்றி.

"பகையாளிக்குக்கூட அந்தத் துணி வேண்டாம்டி. ஹோம்லயே இருக்கட்டும். நான் கட்டுறேன்."

"நீயா? எங்கேருந்து?"

"அட்வான்ஸுக்கு மட்டும் ஆகற அளவு பேங்க்ல இருக்கு. மாசா மாசம் கேக்கறதுக்கு அந்தப் பிடித்தத்தை எடுத்துட்டுப் போய்க் கட்டிடறேன்."

"பேங்க்ல இருக்கா?"

"அவன்கிட்டேருந்து வந்ததை நான் தொட்டதில்ல. ஆரம்பத்துல கோர்ட்டுக் கடனுக்குப் போச்சு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் டெபாசிட்தான். சம்பளத்துலதான் சாப்பிட்டேன்."

"அம்மா, பெரியவளுக்கு ஃபீஸ் கட்ட முடியாம நான் கழுத்துல கெடந்ததை அடகு வெச்சேன். இங்க வந்து அழுதேன். அப்பவும் உன்கிட்ட இருந்துதா?"

"இருந்துது."

"எதுக்கும்மா? யாருக்கு?"

"நான் படுத்துட்டா?"

"நான் பாக்க மாட்டேனா?"

மடிப்பக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்கப்பனைப் பாக்கறதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேனே."

மகள் அழுதாள். மடிப்பக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். டீயைக் குடித்துவிட்டு மகள் கேட்டாள்: "கையெழுத்து போட்டா என்ன, நீயே கொண்டுபோய்க் கட்டினா என்ன, ரெண்டும் ஒன்னுதானே? எதுக்கு இந்த அலைச்சல்?"

"ஒன்னு இல்ல. விட்டுக் கொடுத்தா அது அவன் காசு. நான் கட்டினா என் காசு. பதினோரு வருஷம் நடந்து வாங்கினதை என் சுய விருப்பத்தின் பேருலன்னு எழுதித் தரச் சொல்றியா?"

ஹோம் மேனேஜருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "கட்டறவங்க நீங்களாம்மா? பேஷண்டுக்கு உறவு? மனைவின்னு போடவா?" என்றார்.

"போடாதீங்க. இல்லேன்னு கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கு."

"சரி, சொந்தக்காரங்க?"

"சொந்தமும் இல்ல."

"பின்ன என்னதாம்மா போடறது? கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

"கடன்காரின்னு போடுங்க. எடுக்குதா பாக்கலாம்."

மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பட்டியலில் தேடி, கடைசியில் இருந்த 'மற்றவை' என்பதை அழுத்தினார். ரசீதில் அப்படித்தான் வந்தது.

நாலு மாதம் மடிப்பக்கா ஒன்றாம் தேதி தவறாமல் போய்க் கட்டினாள். கட்டிவிட்டுக் கூடத்தில் எட்டிப் பார்ப்பாள். விரிப்பு சுருங்கியிருந்தால் இழுத்துவிடுவாள். முதல் தடவை அவரிடம் சொல்லவும் சொன்னாள்: "இனிமே இங்க நான்தான் கட்டறேன்."

"என்… பென்ஷன்தானே?"

"உன் பென்ஷன் உனக்கு வருது. இது கோர்ட்டு எனக்குக் கொடுத்தது."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் வந்தால் தூங்குவதுபோல் இருப்பார். ஆயாவிடம் மட்டும், "அவ போயாச்சா?" என்று கேட்பாராம். எந்த அவள் என்று ஆயாவுக்குப் புரிந்ததில்லை.

ஐந்தாவது மாதமும் கட்டி ஆறு நாளில், விடியற்காலை ஆயா டீ கொடுக்கப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. மகள் போனில் அழுதாள். "வர்றியாம்மா?" என்றாள். மடிப்பக்கா, "நான் அங்க எதுவா வந்து நிக்கறது?" என்றாள். லாண்டரிக்குப் போய் அன்றைக்கு ஒரு லாட்ஜின் இருநூறு தலையணை உறைகளை மடித்தாள். அழுகை வரவில்லை. வராததில் ஒரு குறை இருந்தது, எதையோ எண்ணும்போது ஒன்று குறைகிற மாதிரி.

அடுத்த மாதம் பேங்க் புத்தகத்தில் பிடித்தம் என்கிற வரி இல்லை. கௌண்டரில் இருந்த பெண், "வரலியே பாட்டி, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றாள். வராது என்று தெரிந்தும் மடிப்பக்கா தலையாட்டினாள்.

ஹோமில் மிச்ச அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டது மகள், வாரிசும் மகள், அதனால் செக் அவள் பேரில் வந்தது. "நாளைக்குக் கொண்டாந்து கொடுத்துடறேன்" என்றாள். நாளை என்பது அடுத்த வாரம் ஆயிற்று, அடுத்த மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தன. மகள் பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தாள். பழத்தைப் பார்த்ததுமே மடிப்பக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"வண்டியத் தூக்க வந்துட்டாங்கம்மா. தெருவே வேடிக்கை பாத்துது. இவரு செக்கைக் கொண்டுபோய்க் கட்டிட்டாரு. என்னைக்கூடக் கேக்கல."

"ம்."

"கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேம்மா. சத்தியமா."

"சரி."

"ஏதாவது திட்டேன்மா."

"திட்டறதுக்கு ஒன்னுமில்ல. வண்டி இருந்தாத்தான் புள்ளைங்க சாப்பிடும்."

"நீ என்கூடவே வந்துடேன். தனியா எதுக்கு இங்க?"

"ஒங்க வீட்டுக்காரர் சொன்னாரா?"

மகள் பழத்தை உரிக்க ஆரம்பித்தாள். உரித்ததைச் சின்னவள் வாயில் வைத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் மடிப்பக்காவுக்கு அறுபது முடிந்தது. லாண்டரியில் மடிக்கிற மெஷின் ஒன்று இறங்கியிருந்தது. வேலையை விட்டு நிறுத்தினாலும் முதலாளி நல்ல மனுஷர்தான். ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார். உருளைக்காரர், "இனிமே உக்காந்து மணி பாருங்கக்கா" என்றார். அவள் அதை அடுத்த நாளே பக்கத்து அறைக்காரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில், முழங்காலில் இரண்டு பட்டைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஹோமுக்குப் போனாள். சரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேனேஜர் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கம்மா. செக்குதான் அப்பவே கொடுத்தாச்சே?"

"அதுக்கு வரல. இங்க ஆயா வேலைக்கு ஆள் வேணும்னு வெளியில போர்டு பாத்தேன்."

"உங்களுக்கா?" அவர் அவள் முழங்காலைப் பார்த்தார். "இது தூக்கிப் புரட்டற வேலைம்மா."

"தூக்கறதுக்கு ஆயா இருக்கால்ல. துணி மாத்தறதும் மடிக்கறதும் நான் பாத்துக்கறேன். உங்க இடத்துல எட்டுப் பேருக்கு ஒருத்தி. மணி அடிச்சா ஆள் வர்றதில்ல. நானே பாத்திருக்கேன்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அது உண்மைதான் என்று அவருக்கும் தெரியும். "சம்பளம் ரொம்பக் கம்மிதான்மா. ஆயா ரூம்ல தங்கிக்கலாம். சாப்பாடு உண்டு."

"சம்பளம் பாதி போதும். மிச்சத்துக்கு ஒன்னு கேக்கறேன்."

"என்ன?"

"நான் நடமாடற வரைக்கும் வேலை செய்வேன். படுத்துட்டா ஒரு கட்டில் வேணும். இங்கயே. வேற எங்கயும் அனுப்பக்கூடாது."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பேனாவை எடுத்தார், வைத்தார். "அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா. எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க."

"எழுத வேண்டாம்" என்றாள் மடிப்பக்கா. "எழுதி வாங்கினதெல்லாம் பாத்தாச்சு. வாயால சொல்லுங்க, போதும்."

கூடத்தில் மணி அடித்தது. ஒருவரும் போகவில்லை. மறுபடியும் அடித்தது.

மேனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றார்.

அந்தப் பாக்கலாமை அவள் நம்பவில்லை. ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணி அடித்த கட்டிலைத் தேடி உள்ளே போனாள்.